பாக்கியத்துக்குப் படங்கு கட்டிவிடு

பாப்பா,

நீ போனை வைத்த பிறகு நான் அழவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் அப்பா உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார். யார் சத்தம் போட்டாலும் அவருக்குப் பயம், சத்தம் போடாமல் இருந்தாலும் பயம். நான் அடுப்பில் தண்ணீர் வைத்து, பால் இல்லாமல் சாயத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, உன் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் மீதியிருந்த தாள்களைக் கிழித்து எடுத்து எழுத உட்கார்ந்தேன். கோபமாக இருக்கிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் உன் கம்பெனிக்காரர்கள் அந்த விளையாட்டைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். உன் கம்பெனிப் பெரிய ஐயாவுக்கும் அனுப்புவேன். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். நம் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற இந்தக் காம்பரா வீடுகளில், படிக்கத் தெரிந்த யாரும் வாங்கிப் படிக்கலாம். உனக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்சம் இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிற அம்மாமார் தாங்கள் பட்டதையும் தப்பாகச் செய்ததையும் சொல்லி, கடைசியில் என்னை மன்னித்துக்கொள் என்று முடிப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். நீ கொழும்பில் ஒரு கம்பெனியில் படம் வரைகிறாய். பிள்ளைகள் கையில் பிடித்து விளையாடுகிற கேம் செய்கிற கம்பெனி. ‘கருமுகில்’ என்று ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வருகிறது. அதில் வருகிற ஆள் மற்ற நேரத்தில் நம்மைப் போலத்தான் இருப்பான். யாருக்காவது ஆபத்து என்றால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கறுப்புப் போர்வையை முதுகில் கட்டிக்கொண்டு, மழை மேகத்துக்குள்ளிருந்து பறந்து வருவான். அந்தப் புத்தகத்தை இப்போது கேமாக்குகிறார்கள். போனில் விளையாடுகிறது இல்லை. சவர்க்காரப் பெட்டி அளவில் தனியாக ஒரு கருவி, நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன். அதில் முதல் கட்டம் தேயிலை மலையில் நடக்கிறது. மலையை வரைய மலையில் பிறந்த பிள்ளைதான் சரி என்று சொல்லி அந்த வேலையை உன்னிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு நீ போனில் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. உன் அப்பா அதை நோர்வூட் கடைத்தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

பார்ப்பதற்காக ஒரு கருவியை ஹட்டன் பஸ்ஸில் வந்த தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்பினாய். உனக்கு ஒன்று தெரியாது, பாப்பா, இப்போது சொல்கிறேன். உன் அம்மா அதில் கெட்டிக்காரி. போன வருஷம் தோட்டத்தில் வயதாகிவிட்டது என்று என் பேரை வெட்டியதிலிருந்து இந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் இருந்தது. இரண்டு கையாலும் கொழுந்து பறித்த விரல்களுக்கு நாலு பட்டன் ஒரு பெரிய விஷயமா? உன் அப்பா ஸ்டோரில் தேயிலை அரைக்கிற வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பில் ரொட்டி கருகியிருக்கும், நான் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கருமுகிலைப் பறக்கவிட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வந்து, எனக்குக் கொடுங்க என்று கெஞ்சினால், இருடா, இந்த மலையை முடிச்சிட்டுத் தாறேன் என்பேன். நீ வரைந்த மலையைப் பார்க்கவே விளையாடினேன் என்றும் சொல்லலாம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் தகரக் கூரையில் துரு ஏறிய இடம் வரைக்கும் போட்டிருக்கிறாய். காலையில் பனி ஏறும்போது கீழ் லயம் முதலில் மறையும், பிறகு கோயில் மறையும், அந்த வரிசையைக்கூட மாற்றவில்லை.

ஆனால் அந்த மலையில் பொம்பளைகள் நிற்கிறார்கள். கொழுந்து பறிக்கவில்லை, நடக்கவில்லை, இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். ஓடைப்பக்கத்து மரத்திலிருந்து குளவிக்கூட்டம் கிளம்புகிறது. கருமுகில் பறந்து வந்து ஒவ்வொருத்தியாக இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மடுவத்தில் விட வேண்டும். எல்லோரையும் தூக்கி முடித்தால் அடுத்த கட்டம். பிந்திவிட்டால் அவள் மறைந்துபோவாள். அந்தப் பொம்பளைகளை நகர்த்துவதற்கு ஏதாவது பட்டன் இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தேன், தனியாக அமுக்கினேன், சேர்த்து அமுக்கினேன், விடாமல் அமுக்கினேன். கருமுகில் குதித்தான், குனிந்தான், குட்டிக்கரணம்கூடப் போட்டான். ஒருத்தியும் அசையவில்லை.

எல்லோருக்கும் முன்னால் நிற்கிறவள் பாக்கியம். அடுத்த காம்பராப் பாக்கியம், நீ பிறந்த நாளிலிருந்து அத்தை என்று கூப்பிடுகிற பாக்கியம். இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது புருவத்தில் வெட்டுக் காயம், சிரிக்காதபோதும் சிரிப்பது மாதிரி இருக்கிற வாய். அச்சாக அவளேதான். ரோஸ் நிறச் சேலையில், கொசுவம் கலையாமல், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். இடுப்பில் படங்கு இல்லை.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நீ முதலில் மழுப்பினாய். பிறகு உண்மையைச் சொன்னாய். நீ படங்கோடுதான் வரைந்து கொடுத்திருக்கிறாய், அங்கே இருந்தவர்கள் இது என்ன சாக்கு, அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிட்டு நல்ல நிறத்தில் சேலை போடு என்று சொல்லியிருக்கிறார்கள், நீயும் எடுத்துவிட்டாய். படங்கு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைக்குப் போகிற பொம்பளை இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு அது, இப்போது தார்ப்பாய்த் துண்டிலும் கட்டுகிறோம். தேயிலைச் செடியின் குச்சி தொடையைக் கிழிக்காமல், பனித்தண்ணீர் சேலையை நனைக்காமல் காப்பாற்றுகிறது அதுதான். அசிங்கமாம். முதுகில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஆம்பளை பறந்தால் அது அழகு. இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பொம்பளை மலை ஏறினால் அது சாக்கு.

நீ எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. பத்தாம் வகுப்பில் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் உனக்குச் சித்திரம் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சரை நினைத்துப் பார். நீ வரைந்த படத்தைத் தூக்கிப் பிடித்து, “இதென்ன பிள்ளை, இடுப்பில கட்டியிருக்கிறது?” என்று அவர் கேட்டாராம். நீ எழுந்து நின்று முழு வகுப்புக்கும் படங்கைப் பற்றிச் சொன்னாயாம், எப்படிக் கட்டுவது, மழையில் எப்படி மாற்றுவது, எந்தச் சாக்கு அரிக்கும், எது அரிக்காது என்று. அந்த டீச்சர் அடுத்த கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, உங்கட மகள் எனக்குப் படிப்பிச்சுப்போட்டாள் என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து நீ அதைச் சொல்லிச் சொல்லிக் குதித்தாய். அந்தப் பிள்ளையை நான் எங்கே போய்த் தேடுவது?

இப்போது அந்தக் குளவி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே வரைந்தாயே, அதற்காகத்தான் சொல்கிறேன். நீ ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தாய். எனக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் நம் டிவிசனின் ஏழாம் நம்பர் மலைக்கு வந்தாய். ஓடை மரத்தில் கூடு இருக்கிறது என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம், பார்ப்போம் என்று சொல்லியிருந்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு ஒரு கழுகு அந்தக் கூட்டைப் போய்க் கொத்தியது.

குளவி கலைந்தால் நம் மலையில் யாரும் காப்பாற்றுங்கள் என்று கத்துவதில்லை. யார் முதலில் பார்க்கிறாளோ அவள் “படங்கு” என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பாள். அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்ட உடனே ஒவ்வொருத்தியும் இடுப்புக் கயிற்றை இழுத்துவிட்டுப் படங்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கு அடியில் புகுந்துவிடுவாள். எட்டிய இடத்தில் வயதானவளோ பிள்ளைத்தாய்ச்சியோ இருந்தால் அவளையும் இழுத்துக்கொள்வாள். அன்றைக்கு முதலில் சத்தம் கொடுத்தவள் பாக்கியம். நான் உன்னை இழுத்துச் செடிக்குள் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டேன். என் படங்கு பழசு, நடுவில் கிழிந்தது, எனக்கே போதாது. அடுத்த நிரையில் பாக்கியம் தன் படங்குக்குள் பத்திரமாக இருந்தாள். அவள் வெளியே வந்தாள், பாப்பா. வந்து தன் படங்கை எடுத்து நம் இரண்டு பேர் மேலேயும் போட்டு, ஓரத்தை மண்ணுக்குள் செருகிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடைப்பக்கம் ஓடினாள். குளவி அவளுக்குப் பின்னால் போனது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது அவள் புருஷனுக்கே அடையாளம் தெரியவில்லை. கண் இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. வாய் திறக்க முடிந்த அன்று என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “புள்ளைக்கு கொட்டிச்சா?” என்பதுதான். இல்லை என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முகத்தைத்தான் நீ கையைத் தூக்கி நிற்கவைத்திருக்கிறாய்.

அதோடு முடியவில்லை. அன்றைக்கு மலையில் இருந்த எல்லோருக்கும் அரைப்பேர் போட்டார்கள். நம் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் பாதி நாள்தான், அது அரைப்பேர். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கும் கொழுந்து போதவில்லை என்று அரைப்பேர். மறுநாள் காலையில் பெரட்டுக்களத்துக்கு, வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்துக்கு, எல்லோரும் போனோம். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தோம். கங்காணி பயந்துபோய், ஏன் இப்படிச் செய்றீங்க, எந்திரிங்க என்றார். கண்டாக்கு ஐயா வந்தார், ஏசினார். முழுப்பேர் விழணும், ஓடை மரத்துக் கூட்டை எடுக்கணும், ரெண்டும் ஆனாத்தான் மலைக்குப் போவோம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தோம். வெயில் ஏறுவதற்குள் முழுப்பேர் விழுந்தது. கூட்டை எடுக்கவும் ஆள் வந்தது. மேகத்திலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. நீ லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், நான் திரும்பி வந்ததும் என் காலைக் கட்டிக்கொண்டாய்.

இதையெல்லாம் உன்னிடம் போனில் சொல்லவில்லை. நீயே யோசித்துச் சரிசெய்வாய் என்று சும்மா இருந்தேன். பாக்கியத்திடமும் அவள் முகம் அதில் இருப்பதைச் சொல்லவில்லை. அப்படி இருக்கும்போதுதான் நீ அனுப்பிய கம்பெனித் தம்பி மைக்கோடு வந்தார். நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தோம், கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார். மலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா முற்றத்தில் எங்களையெல்லாம் வட்டமாக நிற்கவைத்து, தன் கருவியில் அந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டினார். பாக்கியம் தன் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தம்பி, நீங்க எல்லாரும் சேர்ந்து பயந்த மாதிரிக் காப்பாத்துங்க, காப்பாத்துங்க என்று கத்த வேண்டும், அதை கேமில் போடுவோம் என்றார்.

பாக்கியம் கேட்டாள், “யாரக் கூப்புடணும் தம்பி?”

கருமுகிலைத்தான் என்றார் அவர்.

“அவரு எந்த டிவிசன்?”

அவ்வளவுதான், முற்றம் முழுக்கச் சிரிப்பு. அந்தத் தம்பியும் சிரித்துவிட்டார். பிறகு பாவம், இரண்டு மூன்று முறை கத்தவைக்கப் பார்த்தார். யாருக்கும் வரவில்லை. வெட்கத்தால் இல்லை, அந்தச் சொல்லை நாங்கள் மலையில் கத்திப் பழகவில்லை. அப்படியென்றால் உண்மையாகவே குளவி வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். யார் தொடங்கியது என்று தெரியவில்லை, எல்லோரும் சேர்ந்து “படங்கு” என்று ஒரு சத்தம் கொடுத்தோம். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். பிள்ளைக்காம்பராவில் தூங்கிய பிள்ளைகள் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டன. அந்தச் சத்தம் அவரிடம் பதிவாகி இருக்கிறது, நீ கேட்டிருப்பாய்.

அதற்கு மறுநாள் உன் பெரிய ஐயாவே எனக்குப் போன் எடுத்தார். நம்பர் அப்படித்தான் வந்தது. மரியாதையான மனிதர். சாப்பிட்டீங்களா அம்மா என்று தொடங்கினார், உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “ஒரு வீரன் எண்டா அவன் காப்பாத்துறதுக்கு ஆக்கள் வேணும்தானே அம்மா? அவங்களே தப்பிச்சிட்டா அவனுக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

நான் சொன்னேன், “அப்ப அவருக்குத்தாங்கய்யா நாங்க வேணும். எங்களுக்கு அவரு வேணாம்.”

யோசிக்கிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் யோசித்தாரோ இல்லையோ, உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்று எனக்கு அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. நீ போனில் வந்த வேகம் அப்படி. ஐயாவிடம் இப்படியா பேசுவது, இது வெறும் கேம், பொம்மை, இதில் என் வேலை இருக்கிறது, கேமை வெளியிடுகிற கொழும்பு மேடைக்கு நீங்கள் எல்லோரும் கூடையோடு வருவீர்கள் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காப்பாத்துங்க சத்தத்தைக் கொழும்பில் வேறு பொம்பளைகளை வைத்து எடுத்துக்கொள்வோம் என்றாய். கடைசியில் உன் குரல் உடைந்தது. “மொத மொதல்ல என் பேரு வருதும்மா. கடைசில திரையில என் பேரு போடுறாங்க. அதக் கெடுத்துறாதீங்க.”

முழுப்பேரா, அரைப்பேரா என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய்.

உனக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன். ஆனால் கேலிக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்டேன். உன் பேர் ஊரெல்லாம் தெரிய வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. நானும் அப்பாவும் எத்தனை வருஷம் உழைத்தும் எங்கள் பேர் தோட்டத்தில் வேலைப்பேர் பதிகிற செக்ரோலைத் தாண்டி எங்கேயும் ஏறியதில்லை, அதிலும் என் பேரை வெட்டிவிட்டார்கள். உன் பேர் ஒரு திரையில் ஓடினால் நான் லயம் முழுக்கக் கூட்டி வைத்துக் காட்டுவேன். ஆனால் நீ முழுசாக வரைந்த படத்துக்கு விழுந்தால்தான் அது முழுப்பேர். அவர்கள் சொன்னார்கள் என்று படங்கைக் கழற்றிவிட்டு, நடந்ததை மறைத்துவிட்டு, உன்னைக் காப்பாற்றியவளையே காப்பாற்று என்று கெஞ்சவைத்து அதற்குக் கீழே உன் பேரைப் போட்டால், எனக்கு அதில் பாதிதான் தெரியும்.

பெரிய ஐயா நல்லவர் என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஏசுகிறவரிடம் நமக்கு வாய் தானாகத் திறந்துவிடும், கண்டாக்கு ஐயாவிடம் எங்களுக்குத் திறந்த மாதிரி. சிரித்துப் பேசுகிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டவர் மனம் நோகக்கூடாது என்று நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். உன்னிடம் யாரும் பறிக்கவில்லை, பாப்பா. இது அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு பேச்சுச் சொன்னார்கள், நீயே அழித்தாய். அந்த இடத்தில் நீ ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். தோற்றிருந்தாலும் பரவாயில்லை, பேசிவிட்டுத் தோற்றிருக்க வேண்டும்.

உன் அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஒரு பொம்மைக்குப் போயி புள்ளையோட சண்டையா?” என்கிறார். பொம்மை என்பதால்தான் சண்டை. பெரியவர்கள் பார்க்கிற செய்தியில் எங்களைத் தப்பாகச் சொன்னால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். பிள்ளை விளையாடுகிற பொம்மையில் சொன்னால் யார் கேட்பது? காலியிலோ மட்டக்களப்பிலோ நம் மலையைப் பார்க்காத ஒரு பிள்ளை இந்தக் கருவியைக் கையில் எடுக்கும். மலையகத்துப் பொம்பளை என்றால் கையைத் தூக்கி நிற்கிறவள், யாராவது வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியவள் என்று அதன் கட்டைவிரல் படித்துக்கொள்ளும். நம் லயத்துப் பிள்ளைகளும் அதைத்தான் விளையாடும். பக்கத்துக் காம்பராப் பையன் அன்றைக்கு என்னிடம், பெரியம்மா, இந்தப் பொம்பளைகளுக்கு ஏன் ஓடத் தெரியல என்று கேட்டான். அவன் அம்மா அப்போது மலையில் இருந்தாள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். கருமுகிலை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவனும் இருக்கட்டும், பறக்கட்டும், அவனுக்கும் பிழைப்பு வேண்டும். வந்து கூட நின்று கூட்டை எடுக்க உதவி செய்தால் சாயத்தண்ணிகூடக் கொடுப்போம். ஆனால் பாக்கியத்துக்குப் படங்கு கட்டிவிடு. மற்றவர்களுக்கும் கட்டிவிடு. எங்களுக்கு ஒரு பட்டன் கொடு, ஒன்று போதும். அதை அமுக்கினால் முற்றத்தில் நாங்கள் கொடுத்த சத்தம் கேட்க வேண்டும், பொம்பளைகள் போர்த்திக்கொண்டு செடிக்குள் போக வேண்டும், ஒருத்தி இன்னொருத்தியை இழுத்துக்கொள்ள வேண்டும். அது கஷ்டமா, சுலபமா என்று எனக்குத் தெரியாது. கருமுகிலுக்குக் குட்டிக்கரணம் போடச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு எங்களைக் குனியவைக்க முடியாதா?

முடியாது என்று சொன்னால் பாக்கியத்தின் முகத்தை அழித்துவிடு. இருக்கிற ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, கொழும்பில் யாரோ ஒருத்தியின் குரலில் அவளைக் கெஞ்சவைத்தால், நம் வீட்டு வாசலுக்கு வருகிறபோது அடுத்த வாசலையும் தாண்டித்தான் வர வேண்டும் என்பதை நினைத்துக்கொள். மேடைக்கு நாங்கள் வரமாட்டோம். படங்கை அசிங்கம் என்று கழற்றியவர்கள் கூடையை மட்டும் சுமந்து வந்து காட்டுங்கள் என்றால், கூடை சும்மா தனியாக வரட்டும். எங்கள் பட்டன் வந்தால் சொல், படங்கோடு வருகிறோம், கொழும்பு வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். போகலாம். நான் பொய் சொல்லமாட்டேன், போனால் கஷ்டம்தான். வீட்டுக்கு வா. ஸ்டோருக்குப் போகும்போது அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார், நோர்வூட்டில் நாலு பேர், என்ன, பிள்ளை வந்துவிட்டாளா என்று கேட்பார்கள், கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் கையையும் கண்ணையும் அவர்கள் கழற்றி வைத்துக்கொள்ள முடியாது. வேறு இடம் கிடைக்கும், கிடைக்கும் வரைக்கும் இங்கே சோறு இருக்கிறது. நீ தலை குனிந்துதான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதே. பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தபோது எனக்கும் வேலை போய்விடும் என்று பயம் இருந்தது. உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று உள்ளுக்குள் நடுங்கினேன். நடுங்கிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் எழுதி முடிக்கிற நேரத்தில் பாக்கியம் கதவைத் தட்டினாள். நான் போனில் உன்னோடு போட்ட சத்தம் அவள் காம்பராவுக்குக் கேட்டிருக்கும், சுவர் ஒன்றுதானே. என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், சொன்னேன். புள்ள மேல கோவப்படாத என்றாள். பிறகு அந்தக் கருவியைக் கொடு, நானும் ஒருமுறை விளையாடிப் பார்க்கிறேன் என்றாள். அவளுக்குக் கட்டைவிரல் சரியாக வரவில்லை. கருமுகில் இரண்டு முறை மரத்தில் மோதினான். மூன்றாம் தரம் எப்படியோ இறங்கி வந்து முன்னால் நின்றவளை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். ரோஸ் சேலையில் அவள் தொங்கிக்கொண்டு போனாள். பாக்கியம் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்கு நீயும் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று கருவியை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள்.

“என்னைய எறக்கி விடச் சொல்லு. எனக்கு காலு இருக்கு.”